உயிருள்ள புற்றுக்கு வாசல் கிடையாது

ரேவாய் என்றால் எங்கள் மொழியில் 'பழி பேசுங்கள்' என்று அர்த்தம். பிள்ளைக்கு வைக்கிற பெயரா இது என்று கேட்காதீர்கள். அவள் அம்மாவுக்கு அக்கம்பக்கத்தார் வாயை அடைக்க வேண்டியிருந்தது. நேரில் சண்டைக்குப் போகாமல் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு, தினமும் காலையில் வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். எங்கள் பக்கம் பாதிச் சண்டை பிள்ளைகளின் பெயரிலேயே நடந்து முடிந்துவிடும். அப்படி வளர்ந்தவளுக்கு ஊர் வாய் ஒரு பொருட்டா? தென்னாப்பிரிக்காச் சுரங்கத்துக்குப் போன புருஷன் திரும்பாமல் போனதும், ரேவாய் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு செங்கல் அறுக்கக் கிளம்பினாள். பொம்பளை மூட்டினால் சூளை வெடிக்கும் என்றார்கள். இருபது வருஷமாக ஒரு சூளையும் வெடிக்கவில்லை.

எங்கள் கும்பானே ஊர் மண் வெறும் மணல். அதில் செங்கல் அறுத்தால் மாவுப் பண்டம் மாதிரி உதிரும். நல்ல செங்கல் வேண்டுமானால் கரையான் புற்று மண்தான் வேண்டும். ரேவாய் இரண்டு ஆள் உயரப் புற்றுகளைத் தேடிப் போய் இடித்து, அந்த மண்ணைக் குழைத்து, அச்சில் அறைந்து, மோப்பேன் மர விறகு வைத்துச் சுட்டாள். பள்ளிக்கூடம், மாவு மில், தேவாலயம், ஊரில் எந்தச் சுவரைத் தட்டினாலும் அவள் செங்கல்தான். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்பார்கள். எங்கள் ஊரில் பாம்புக்கு முன்னால் ரேவாய் போய் நின்றுவிடுவாள்.

அப்படிப்பட்டவளைத் தேடிக்கொண்டுதான் புலவாயோ நகரத்திலிருந்து சித்தாபிலே வந்து இறங்கினாள். கட்டட வரைபடம் போடுகிற பெண். முப்பது வயதுகூட ஆகவில்லை, தலையில் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம். எங்கள் மருத்துவமனைக்குப் பக்கத்தில், பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண்கள் முன்கூட்டியே வந்து தங்க ஒரு கூடம் கட்டப்போவதாகச் சொன்னாள். மின்விசிறி கிடையாது, குளிர்சாதனம் கிடையாது, மின்சாரமே கிடையாது. ஆனாலும் எங்கள் உச்சிக் கோடையான அக்டோபர் வெயிலில் உள்ளே குளுகுளுவென்று இருக்குமாம்.

"ருகாரே அம்மா, புத்துக்குள்ள எப்பவாவது கைய விட்டுப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். ருகாரே அம்மா என்றுதான் ஊர் ரேவாயைக் கூப்பிடும்.

"கைய விடறதா? தாயே, நான் புத்துக்குள்ளயே பாதி ஆயுச ஓட்டியிருக்கேன்."

"வெளியில நெருப்பா கொதிக்கும்போது உள்ள எப்படி இருக்கும்?"

ரேவாய் யோசிக்கவே இல்லை. "மண்பானை மாதிரி இருக்கும். மத்தியானத்துல இடிச்சேன்னா, கொஞ்ச நேரம் கைய உள்ளயே வச்சுக்கிட்டு நிப்பேன். சுகமா இருக்கும்."

"அதே மாதிரி ஒரு வீடு கட்டலாம், வாங்க" என்று சித்தாபிலே காகிதத்தை விரித்தாள். தரைக்கு அடியில் ஆற்றுக்கல் பரப்பு. இரவின் குளிர்ச்சியைக் கல் குடித்து வைத்துக்கொள்ளும். பகலில் சூடான காற்று கூரைமேல் நிற்கும் ஆறு புகைபோக்கிகள் வழியாக மேலே ஓடும். அது ஓட ஓட, கல்லில் குளிர்ந்த காற்று சுவரடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக அறைக்குள் வரும். இதெல்லாம் கரையான் கற்றுக்கொடுத்த வித்தை என்றாள். ரேவாய் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு படபடத்தது. அன்றைக்கே வேலையை ஏற்றுக்கொண்டாள்.

ஏன் படபடத்தது என்று ஊருக்குத் தெரியும். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மருத்துவமனையின் தகரக் கொட்டகையில் தலைப்பிரசவத்துக்குக் காத்துக் கிடந்தவள் அவள். அக்டோபர் மாதம். மத்தியானம் தகரம் 'டிக் டிக்' என்று வெடித்துக்கொண்டிருக்க, மூச்சு முட்டி, 'வீட்டுக்குப் போய்ட்டு சாயங்காலம் வந்துடறேன்' என்று எழுந்து நடந்தாள். பாதி வழியில் ஒரு மோப்பேன் மரத்தடியில் குழந்தை பிறந்தது. பொழுது சாயும்வரைகூட இருக்கவில்லை. ருகாரே என்று பெயர் வைத்திருந்தாள். பிறகு இரண்டு பையன்கள் பிறந்து வளர்ந்தார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளையின் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட ஊர் எத்தனையோ முறை முயன்றது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ருகாரே அம்மா என்று கூப்பிட்டால்தான் 'ம்' என்பாள்.

ஐந்து மாதத்தில் கூடம் எழுந்தது. ஜூலைக் குளிரில் கடைசிச் செங்கல் வைத்தார்கள், ஆகஸ்டில் பெண்கள் குடிவந்தார்கள். ஆனால் ஊர்ச் சங்கத் தலைவர் மாவூரே கூடத்தை இன்னும் ஏற்கவில்லை. கரும்பு ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், சிங்கக் குலம், எதற்கும் சுலபத்தில் தலையாட்டமாட்டார். "அக்டோபர்ல பாக்கலாம்" என்றார். "மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள முப்பது டிகிரிக்குள்ள இருந்தா பொம்பளைங்களுக்கு. இல்லைன்னா நல்ல கெட்டிச் சுவர், விதை மூட்டை அடுக்க வச்சுக்கறேன். போன வருஷம் தகரக் கொட்டகையில வெந்தே போச்சு பாதி விதை. ஊரே வெறுங்கையோட நின்னுச்சு, மறந்துட்டீங்களா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நவம்பர் முதல் தேதி விதை லாரி வரும். நவம்பரில் எங்கள் ஊரில் கல்யாணமும் கிடையாது, திறப்பு விழாவும் கிடையாது. அந்த மாதம் முன்னோர்களுடையது, முரசுகூடத் தொடமாட்டோம். ஆக, அக்டோபர் முடிவதற்குள் கூடம் யாருக்கு என்பது முடிவாக வேண்டும்.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, வெளியே நாற்பத்தொன்று. மாவூரே உள்ளே போனார். நடுவில் தொங்கிய தெர்மாமீட்டரைப் பார்த்தார். முப்பத்தேழு!

"இது புத்து இல்ல, அடுப்பு" என்றபடி கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "இந்தா ருகாரே அம்மா, சூளை போட்டுப் போட்டு உனக்கு வீடு எது சூளை எதுன்னே தெரியாம போச்சு."

பெரியவர்கள் வருகிறார்கள் என்று மரியாதைக்காக வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள். ஒருத்தி அடக்கவில்லை. ரேவாய்க்குக் காது மடலெல்லாம் எரிந்தது. பழியெல்லாம் பழக்கம்தான். ஆனால் இது செங்கல்லைப் பற்றிய பேச்சு இல்லையே. விதை மூட்டை உள்ளே போனால் பெண்கள் மறுபடி தகரக் கொட்டகைக்குத்தானே போகவேண்டும்?

"முப்பதாம் தேதி மறுபடி வாங்க, சிங்கக் குலத்தாரே" என்றாள்.

"வர்றேன். மூட்டை எத்தனை அடுக்கு போகும்னு அளக்கறதுக்கு கயிறும் கொண்டுவர்றேன்."

சித்தாபிலே இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் கணக்குப் போட்டாள். புகைபோக்கி உயரம் சரி. கல் பரப்பு சரி. எல்லாம் சரியாக இருந்தும் காற்று மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் ரேவாய்க்குப் பொறுமை போய்விட்டது. காகிதத்தில் காற்று வருமா? நேராகக் கூடத்துக்குள் போய்த் தரையில் மல்லாந்து படுத்தாள். சுவரை ஒட்டிக் கட்டில்கள், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பெண்களின் மூட்டைகள், பானைகள், கூடைகள். ஒரு கூடையை நகர்த்தினாள். சுவரடியில் ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில் பூப்போட்ட இடுப்புத்துணி ஒன்று சுருட்டித் திணித்திருந்தது. அடுத்த கூடை. அங்கே கோணிச் சாக்கு. அதற்கடுத்தது, சாம்பலும் மூக்குப்பொடியும் குழைத்து அப்பியிருந்தது. இருபத்து நான்கு ஓட்டைகளில் இருபத்து நான்கும் அடைப்பு!

"அடிப் பாவிகளா!" என்று கத்தினாள். சமையற்கட்டில் மாவு கிளறிக்கொண்டிருந்தவர்களெல்லாம் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவள் சகானி, எட்டு மாதம், வாய்த்துடுக்கு. அன்றைக்குச் சிரிப்பை அடக்காதவளும் அவள்தான்.

"இது யாரோட துணி?"

"என்னோடது" என்றாள் சகானி, பயமே இல்லாமல்.

"காத்து வர்ற வழியில துணியத் திணிச்சா எப்படிடீ குளிரும்?"

"காத்து மட்டுமா வரும்?" சகானி குரலைத் தாழ்த்தினாள். "வாயும் வயிறுமா இருக்கறவங்க முன்னால அதோட பேரச் சொல்லக் கூடாது. நீங்களே யோசிங்க. ஓட்டை உள்ள புத்துல யாரு குடியிருப்பா?"

பேர் சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது. கறுத்து, நீண்டு, நாக்கை நீட்டிக்கொண்டு அது எல்லார் மனத்திலும் ஊர்ந்துபோனது.

"தலை வச்சுப் படுக்கற இடத்துல ஓட்டைய வச்சுட்டு, 'புத்து மாதிரி வீடு, புத்து மாதிரி வீடு'ன்னு எங்ககிட்டயே பெருமையா சொன்னீங்க" என்றாள் சகானி. "நாங்க வந்த அன்னிக்கே அடைச்சுட்டோம். பேரச் சொல்ல முடியாத விஷயத்த சிஸ்டர்கிட்ட எப்படிச் சொல்றது?"

சித்தாபிலேக்குக் கோபம் வந்தது. "கம்பி வலை போட்டிருக்கே வெளியில!"

"வலைய எலி கடிக்கும். எலி வந்தா, எலிக்குப் பின்னால யாரு வருவா?"

ரேவாய் தரையில் உட்கார்ந்து அந்தத் துணியையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பளாரென்று தன் நெற்றியிலேயே அறைந்துகொண்டாள்.

"இவ சொல்றது சரி. நாந்தான் முட்டாள். இருபது வருஷமா இடிக்கறேனே! உயிருள்ள புத்துல ஒரு ஓட்டை பாத்திருக்கேனா? ஓட்டை விழுந்தா ராத்திரிக்குள்ள மண்ண வச்சு மூடிடும். வாயத் திறந்துகிட்டு நிக்கற புத்து செத்த புத்து. அதுலதான் அது குடிவரும். பொண்ணே, நாம கட்டினது செத்த புத்து!"

"ஆனா ஓட்டை இல்லாம அது எப்படி மூச்சு விடும்?" என்று சித்தாபிலே கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

ரேவாய் கடப்பாரையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள், சித்தாபிலே பின்னாலேயே ஓடினாள். மண் குழிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய புற்று, ஓட்டை உடைசல் இல்லாமல், உயிரோடு நின்றது. ரேவாய் அதன் தோளில் ஒரே போடு போட்டாள். வட்டில் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. உள்ளேயிருந்து கரையான்கள் சரசரவென்று வந்து, அப்போதே மண் கொண்டு காயத்தை மூட ஆரம்பித்தன. ரேவாய் அந்தத் துண்டைக் கையில் எடுத்தாள். ஆயிரக்கணக்கில் உடைத்துக் குழைத்திருக்கிறாள், ஆனால் ஒன்றையாவது இப்படி எடுத்துப் பார்த்திருப்பாளா? வெளிப்பக்கம் வழவழவென்று இருந்தது. உட்பக்கம் ஊசித் துளைகள்.

துண்டை வாயோடு சேர்த்து வைத்து ஊதினாள்.

மறுபக்கம் கையை வைத்திருந்த சித்தாபிலே துள்ளிவிட்டாள். "வருது! ருகாரே அம்மா, காத்து வருது! இன்னொருதரம் ஊதுங்க!"

இன்னொரு தரம் ஊதினாள். வந்தது. இடம் மாற்றிக்கொண்டு சித்தாபிலே ஊதினாள், ரேவாய் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். இரண்டு பேரும் நடுவெயிலில் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி மாற்றி மாற்றி ஊதிக்கொண்டு நின்றார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு வேறு வழியாகப் போனார். புற்றுக்கு வாசல் கிடையாது, சுவரே மூக்கு! இத்தனை காலம் இந்த மூச்சைத்தான் மிதித்துக் குழைத்துக் கெட்டியாக்கி விற்றிருக்கிறோம் என்று நினைத்தபோது ரேவாய்க்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

அதற்குப் பிறகு அவள் நடக்கவில்லை, ஓடினாள். மூச்சு விடுகிற செங்கல் வேண்டும். களிமண்ணில் துளை போடக் கம்பியால் குத்திப் பார்த்தாள், மண் மூடிக்கொண்டது. அப்போதுதான் எங்கள் பெண்கள் கரையான் பிடிக்கிற விதம் நினைவுக்கு வந்தது. புற்றைக் கீறி ஒரு புல் தண்டை உள்ளே விட்டால், கரையான் அதைக் கடித்துக்கொண்டு தொங்கும், உருவி எடுத்து வறுத்துத் தின்போம். புல் தண்டு! கூரை வேய்கிற புல்லைக் கட்டுக் கட்டாக ஈரக் களிமண்ணில் சொருகினாள். சூளையில் வைத்தால் புல் எரிந்துபோகும், அது இருந்த இடம் துளையாக நிற்கும்.

முதல் சூளை காலை வாரிவிட்டது. செங்கல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. செய்தி மாவூரே காதுக்குப் போய், "சூளை வெடிக்கும்னு அன்னிக்கே சொன்னாங்களே" என்று ஆள் அனுப்பிச் சொன்னார். ரேவாய் வெடித்ததை உடைத்துப் பார்த்தாள். புல்லை நெருக்கிச் சொருகியிருக்கிறாள், வெயிலில் அவசரமாக உலர்த்தியிருக்கிறாள். தேதி இருபது ஆகிவிட்டது. இன்னும் ஒரு சூளைக்குத்தான் நேரம்.

மறுநாள் காலை அவள் களத்துக்கு சகானி வந்தாள், பின்னால் இன்னும் ஏழு கர்ப்பிணிகள், வாத்துக் கூட்டம் மாதிரி ஆடி ஆடி.

"உக்காந்த இடத்துல செய்யற வேலை ஏதாவது குடுங்க" என்றாள் சகானி. "நாங்க தூங்கற இடத்துக்கு என்ன வருதுன்னு நாங்களே பாக்கணும்."

நிழலில் உட்கார்ந்து புல்லை ஒரே கனமாகப் பொறுக்கி, ஒரே நீளமாக நறுக்கினார்கள். ஒவ்வொரு தண்டுக்கும் நடுவில் ஒரு சோளமணி இடைவெளி விட்டு மண்ணில் சொருகினார்கள். ஈரச் சாக்கு போர்த்தி நிழலிலேயே உலர வைத்தார்கள். புளித்த கூழ் குடித்துக்கொண்டு, மாமியார்களை வறுத்தெடுத்துக்கொண்டு செய்த வேலை அது. இருபத்தாறாம் தேதி நெருப்பு வைத்தாள் ரேவாய். இருபத்தெட்டாம் தேதி சூளை பிரித்தாள். முதல் செங்கல்லை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். வானம் நூறு பொட்டாகத் தெரிந்தது.

சகானி அதை வாங்கி, ஒரு புல் தண்டை விட்டுப் பார்த்தாள். இறுக்கமாகப் போனது. "இதுல எது நுழையும்?"

"கரையான் நுழையும். அதுவும் வயித்த எக்கிக்கிட்டுதான்."

"அப்போ என் நாத்தனார் நுழையமாட்டா. சரி, வைங்க."

துளை சிறிதானால் காற்றும் குறையும், ஆகவே வாய் பெரிதாக வேண்டும் என்று சித்தாபிலே கணக்குச் சொன்னாள். இரண்டு நாளில் இருபத்து நான்கு ஓட்டைகளையும் முழ அகலத்துக்கு இடித்துப் பெரிதாக்கி, மூச்சுச் செங்கல்லை வைத்துப் பூசினார்கள். தான் கட்டிய சுவரைத் தானே இடிக்கும்போது ரேவாய் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி ஊர் கேட்டதில்லை.

முப்பதாம் தேதி வெயில் வஞ்சனை இல்லாமல் காய்ந்தது. நாற்பத்து மூன்று. இந்தமுறை ரேவாய் பெண்களை வெளியே போகவிடவில்லை. "உங்க வீடு. உங்க கட்டில்லயே படுத்திருங்க" என்றாள். இரண்டு மணிக்கு மாவூரே கையில் அளவுக் கயிறோடு வந்தார். வாசலைத் தாண்டியவர் ஒரு கணம் நின்றார். நேராகத் தெர்மாமீட்டரிடம் போனார். பார்த்தார். விரலால் தட்டினார். மறுபடி பார்த்தார்.

"இது கெட்டுப்போச்சு" என்றார்.

மருத்துவமனைச் சிஸ்டர் வேறொன்று கொண்டுவந்தாள். அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். ரேவாய் இடுப்புத்துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். சித்தாபிலே கண்ணையே மூடிக்கொண்டாள்.

"இருபத்தெட்டு" என்றார் மாவூரே. சொல்லிவிட்டுக் குனிந்து, சுவரடிச் செங்கல்லுக்கு நேராகக் கையை நீட்டினார். நீட்டிய கையை எடுக்க மனம் வராமல் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். "அப்போ என் விதைய எங்கதான் வைக்கறது?"

"வெட்டி வச்ச மண்ணு மிச்சம் இருக்கு, சிங்கக் குலத்தாரே" என்றாள் ரேவாய். "கயிறக் குடுத்துட்டுப் போங்க. உங்களுக்கும் ஒண்ணு அளந்து கட்டித் தரேன்."

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் மூலைக் கட்டிலிலிருந்து சகானியின் குரல்: "சிஸ்டர், என் துணிய எங்க வச்சீங்க? காலு சில்லுங்குது."

ஓட்டையிலிருந்து பிடுங்கிய அந்தப் பூப்போட்ட துணி துவைத்து மடித்து அலமாரியில் இருந்தது. ரேவாய் அதை எடுத்துக்கொண்டு போனாள். அக்டோபர் மத்தியானத்தில், கும்பானேயில், ஒரு பெண்ணின் காலில் துணி போர்த்திவிட்டாள். நான்கு பக்கமும் செருகினாள், செருகியதையே மறுபடி செருகினாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு எதுவும் சரியாகத் தெரியவில்லை.

"இன்னும் எத்தனை நாளு?"

"ஒம்போது நாளுன்னு சிஸ்டர் சொல்றாங்க."

"நடுவுல வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன்னு கிளம்பமாட்டியே?"

"இந்த வெயில்லயா?" சகானி துணியை மார்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். "பைத்தியமா எனக்கு? நான் இங்கயே இருக்கேன், ருகாரே அம்மா."